வாரியலும் வயரும்

எங்க நாஞ்சில் நாட்டுல விளக்குமாறுக்கு வாரியல்னு பேரு. 1982-ல ஆரம்பிச்ச யூரேகா ஃபோர்ப்ஸ் ஆட்கள் வீடு வீடா டெமோ காட்டி, வாரியலுக்குப் போட்டியா வாக்குவம் கிளீனரைக் கொண்டாந்தாங்க. இன்னிக்கு அதுல பலதும் மச்சுல தூங்குது. நான் கழட்டிப் பாத்த வரைக்கும் மோட்டார் நல்லாத்தான் இருக்கும், வயர்தான் போயிருக்கும். ஏன்னு தெரியணும்னா 1901-க்குப் போகணும்.

அந்த வருஷம் லண்டன்ல ஹியூபர்ட் செசில் பூத் செஞ்ச மெஷின் பெட்ரோல் எஞ்சின்ல ஓடுச்சு. குதிரை இழுத்துட்டு வந்து தெருவுல நிறுத்தும், குழாய் மட்டும் ஜன்னல் வழியா உள்ள போகும். கரண்ட் வயருக்கு வேலையே இல்ல. 1908-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர்னு ஒரு துப்புரவுத் தொழிலாளி ஃபேன் மோட்டார், தலையணை உறை, கம்பு எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி காப்புரிமை வாங்கினார். மோட்டார் வீட்டுக்குள்ள வந்துச்சு, வயரும் அறை அறையா இழுபட ஆரம்பிச்சுது. மிக்ஸி வயர் ஒரு மூலையில கிடக்கும். இது இழுபடும், மடங்கும், சுருளும். ப்ளக் பக்கத்துலயும் மெஷினுக்குள்ள நுழையற இடத்துலயும் செம்பு இழை அறுந்துரும், மேல உறையைப் பாத்தா ஒண்ணும் தெரியாது.

கண்டுபிடிக்கிறது சுலபம். ப்ளக்கை சுவர்ல இருந்து உருவிடுங்க. மெஷின் சுவிட்சை ஆன்ல வெச்சு, பேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. சில ஓம் காட்டினா பாதை முழுசா இருக்கு. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலக்ட்ரானிக் சமாச்சாரம் இருந்தா இந்தக் கணக்கு பலிக்காது.) காட்டலைன்னா வயரை அங்கங்க மடக்குங்க, முள்ளு துள்ளுற இடம்தான் அறுந்த இடம். டெஸ்டரை மட்டும் நம்பாதீங்க மக்கா. நியூட்ரல் அறுந்து கிடந்தாலும் பேஸ்ல அது ஜம்முனு எரியும்.

வளைகுடாவுல இருந்து மாமாமார் கொண்டுவந்த மெஷின்னா வில்லங்கம் வேற மாதிரி. சவுதியில ரொம்ப காலம் 127 வோல்ட்டும் புழங்குச்சு. அந்த மெஷினை நம்ம 230-ல சொருகினா மோட்டாரே புகையும். நிறமும் குழப்பும்: நம்ம பழைய வயரிங்ல கருப்பு நியூட்ரல், அமெரிக்க முறையில கருப்புதான் பேஸ்!

நம்ம உருண்டை மூணு பின் ப்ளக், 1934-ல வந்த பிரிட்டிஷ் தரத்தோட வாரிசு. பிரிட்டன்காரன் 1947-லயே சதுரப் பின்னுக்குத் தாவ ஆரம்பிச்சான், நாம விடல. எர்த் பின் மட்டும் நீளமா தடியா இருக்கே, அது முதல்ல தொடணும், கடைசியில விடணும்னுதான். இரும்பு உடம்பு மெஷின்ல அந்த எர்த்தை வெட்டிட்டு ரெண்டு பின் ப்ளக் மாட்டுறவங்களைப் பாத்தா எனக்குக் கை உதறும். உள்ள பேஸ் வயர் உரசி உடம்பைத் தொட்டா ஃபியூஸ் போகாது. வெறுங்காலோட மொசைக் தரையில நிக்கிற அம்மா வழியாத்தான் கரண்ட் இறங்கும். சதுரத்துக்குள்ள சதுரம் குறி போட்ட மெஷினுக்கு மட்டும்தான் எர்த் வேண்டாம். ப்ளக் மாத்துறதுக்கு முன்னால மெஷினைக் கவுத்துப் போட்டு அந்தக் குறி இருக்கான்னு பாருங்க.