கடையின் பின்னறையில் ஒரு பள்ளி

சட்டம் ஓர் உரிமையை வழங்கிவிட்டால், அது மக்களின் கைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவிலுள்ள தென் கரோலினா மாநிலத்தின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

இனத்தின் பெயரால் எவருக்கும் வாக்குரிமையை மறுத்தல் ஆகாது என்று 1870-இல் அமெரிக்க அரசியலமைப்பின் 15-ஆம் திருத்தம் உறுதி கூறியது. கறுப்பினத்தாரே அன்று பெரும்பான்மையினராய் வாழ்ந்த தென் கரோலினாவோ, 1895-இல் தனக்கெனப் புதியதோர் அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. வாக்காளராய்ப் பதிவு பெற விரும்புவோர் அந்த அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். அன்றேல், 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி செலுத்தியிருக்க வேண்டும். இதே மாநிலந்தான் 1834-இல் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைக் குற்றமாக்கியிருந்தது. கல்வியை மறுத்த அரசே, அம்மக்களின் வழித்தோன்றல்களிடம் கல்வியைத் தகுதியாகக் கேட்டது!

சார்ல்ஸ்டன் நகரை அடுத்த ஜான்ஸ் தீவில் ஏசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். நகரில் வேலைக்குச் செல்லும் தீவு மக்களுக்கு, பயண நேரத்திலேயே அரசியலமைப்பின் பகுதிகளைக் கற்பித்தார். ஆயினும், மனப்பாடம் செய்வது வேறு, படிக்கக் கற்பது வேறு அன்றோ?

அக்காலத்தில் செப்டிமா கிளார்க் என்னும் ஆசிரியை, கறுப்பினத்தாரின் உரிமைக்காக உழைத்த தேசியச் சங்கத்தில் உறுப்பினராய் இருந்தார். அரசு ஊழியர் அச்சங்கத்தில் சேர்தல் கூடாதென 1956-இல் மாநிலம் சட்டமியற்றியது. அவர் விலக மறுத்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆற்றிய பணியை இழந்தார். டென்னசி மாநிலத்தின் ஹைலண்டர் மக்கள் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது.

அப்பள்ளியின் துணையுடன் 1957 சனவரியில் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. முன்புறம் கூட்டுறவுக் கடை, பின்புறம் வகுப்பறை. வெளியார் கண்ணில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு. கற்பிக்க வந்த பெர்னிஸ் ராபின்சன் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். சிகை அலங்காரத் தொழில் புரிந்தவர். பாடத்திட்டம் எதையும் அவர் திணிக்கவில்லை. என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், திருவிவிலியத்தை வாசிக்க வேண்டும், அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றனர் முதியோர். அவற்றினூடே வாக்காளர் பதிவுக்கான பாடமும் நடந்தது. பயின்றோர் பலர் பதிவு பெற்றனர். இத்தகைய பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

1965-இல் இயற்றப்பெற்ற வாக்குரிமைச் சட்டம் அங்கு எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. மாநிலம் தன் தேர்தல் விதிகளை மாற்றுமுன் நடுவண் அரசின் இசைவைப் பெற வேண்டுமென்றும் பணித்தது. தென் கரோலினா தொடுத்த வழக்கை 1966-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆனால், அதே நீதிமன்றம் 2013-இல், எந்தெந்த மாநிலங்கள் இசைவு பெற வேண்டுமென வரையறுத்த விதியைச் செல்லாததாக்கியது. முன்னிசைவு என்னும் காவல் அன்றே செயலிழந்தது.

சட்டம் இன்றியமையாதது, எனினும், அது தரும் காவல் தளரக்கூடும். அந்தத் தீவு மக்களோ சட்டம் வருமுன்னரே ஒருவருக்கொருவர் துணை நின்றனர். நம் தெருவிலும், படிவத்தை நிரப்பத் தெரியாமல் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிற்பவர் இருக்கலாம். அவரோடு அமர்ந்து அதை நிரப்பித்தர நமக்கு அரை மணி நேரம் போதும்.