ஓய்வும் உழைப்பும்: தொடைத் தசைநாண் வைத்தியத்தின் வரலாறு

மனிதன் அமரும்போது உடலின் பாரத்தைத் தாங்கும் எலும்பு இடுப்பின் அடியில் இருபுறமும் உண்டு. தொடையின் பின்புறத்தே இறங்கும் மூன்று பெருந்தசைகள் அவ்வெலும்பிலேயே உறுதியான நாண்களாற் பிணிக்கப்பட்டுள்ளன. ஓடும்போது முன்னே வீசப்படும் காலை அடக்கி நிறுத்துவன இத்தசைகளே. ஆதலின் ஓட்டக்காரருக்கும் உதைபந்தாட்டக்காரருக்கும் இங்கே காயம் நேர்வது வழக்கம். எலும்பை அடுத்த நாண் நைந்துபோனவர்க்கு ஓட்டம் மாத்திரமன்று, நாற்காலியில் அமர்வதும் வேதனையாகும்.

இத்தகைய காயங்களுக்கு மருந்து யாது? ஓய்வு என்பதே 19ஆம் நூற்றாண்டின் விடை. 1860 முதல் 1862 வரை இலண்டனில் ஜோன் ஹில்டன் ஆற்றிய விரிவுரைகள் ஓய்வின் பெருமையை நிலைநாட்டின. லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தோமஸ் அதனை இடையறாத, நீடித்த ஓய்வாக வற்புறுத்தினார். காசநோய் பற்றிய மூட்டுக்களுக்கு அக்கொள்கை பேருதவி புரிந்தது. ஆயின் தசைக்கும் நாணுக்கும் அதே விதியை நெடுங்காலம் கைக்கொண்டபோது, காயம் ஆறினும் வலிமை திரும்பவில்லை. உழைப்பற்ற தசை மெலிந்தது, நாணும் தளர்ந்தது.

1975ஆம் ஆண்டளவில் பின்லாந்து நாட்டு வைத்தியர் மார்க்கு யார்வினென் எலிகளின் தசைக்காயங்களை ஆராய்ந்தார். சில நாள் ஓய்வின்பின் அசைவு பெற்ற தசை, கட்டிவைக்கப்பட்ட தசையிலும் வலிமையோடு ஆறியது. 1988இல் அந்நாட்டவரான புரானென், ஓரவா என்னும் இருவர், அமரும் எலும்பருகே தோன்றும் வலியைத் தனியொரு நோயாக விவரித்தனர். தடித்த நாரிழைகள் காலுக்கு இறங்கும் பெருநரம்பை நெருக்குதலைக் கண்டு, சத்திரசிகிச்சையால் அவற்றை அறுத்து விடுவித்தனர்.

கத்தியின்றி உழைப்பாலேயே குணம் காணும் வழியும் வளர்ந்தது. 2013இல் சுவீடனில் கார்ல் ஆஸ்க்லிங் குழுவினர், தொடைத் தசை காயமுற்ற 75 உதைபந்தாட்டக்காரரை இரு பிரிவாக்கினர். தசையை நீட்டியவாறே பாரமேற்றும் பயிற்சி பெற்றோர் சராசரி 28 நாளிலும், வழமையான பயிற்சி பெற்றோர் 51 நாளிலும் முழுப்பயிற்சிக்கு மீண்டனர்.

எனினும் எல்லாக் காயமும் ஒன்றல்ல. நாட்பட நைந்த நாணை ஆரம்பத்தில் அதிகம் நீட்டலாகாது. இடுப்பை ஆழமாக மடக்கும்போது எலும்பு அதனை அழுத்தும். அசையாது தாங்கும் பயிற்சியிற் தொடங்கி, பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுதலே இன்றைய முறை.

நாண் எலும்பினின்றும் முற்றாக அறுந்தால் சத்திரசிகிச்சை வேண்டும் என்பது பலரது துணிபு. அதனையும் 2024இல் வெளியான சுவீடன், நோர்வே ஆய்வொன்று வினாவுக்குள்ளாக்கியது. 30 முதல் 70 வயதுடையோரில், இரண்டு ஆண்டுகளின்பின், சத்திரசிகிச்சை பெறாதோரின் நிலை பெற்றோரின் நிலைக்குத் தாழ்ந்திருக்கவில்லை. ஓய்வாயினும் உழைப்பாயினும் கத்தியாயினும், அளவறிந்து கொடுத்தாலே மருந்தாகும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.