திருப்பி அனுப்பப்பட்ட வரைபடம்: மதிப்பீட்டின் மெய்ம்மை குறித்து

தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் ஒட்டில்லை என்ற புகார் பழையது. 1948–49இன் ராதாகிருஷ்ணன் குழுவே, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் பரிந்துரைக்கலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்றது. அண்மைக்காலக் கல்வியியல் சொல்லும் மருந்து, மதிப்பீட்டைத் தொழிற்களத்தின் சாயலில் அமைப்பது. குலிக்கர்ஸ், பாஸ்டியன்ஸ், கிர்ஷ்னர் மூவரும் 2004இல் முன்வைத்த சட்டகம் பணி, இடச்சூழல், சமூகச்சூழல், வெளிப்பாடு, அளவுகோல் என்ற ஐந்து கூறுகளில் அந்தச் சாயலை அளக்கிறது. மெய்ம்மை மாணவர் உணர்வதைப் பொறுத்தது என்பதையும் அவர்கள் ஏற்கிறார்கள். ஆனால் சாயல் மட்டும் அந்த உணர்வைத் தந்துவிடாது. வேலை முடியும் முன்பே ஒருவர் அதைக் கூர்ந்து பார்த்து, சரியில்லை என்று சொல்லும்போதுதான் மாணவருக்கு அது மெய்யான வேலையாகிறது.

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியிலேயே (எம்.ஐ.டி.) இதற்குச் சான்று உண்டு. 1950களில் அங்கு விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம் அதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவுசெய்திருக்கிறார். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானத்தை வடிவமைக்கும் பணி அவருக்கும் சக மாணவர் நால்வருக்கும் தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பும் வரைபடமும் அவர் பங்கு. இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் இடையில் பார்த்துவிட்டுத் தேறாது என்றார். ஒரு மாதம் கேட்டவருக்கு மூன்றே நாள் கிடைத்தது. தவறினால் உதவித்தொகை நின்றுபோகும். இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அவர் வரைபலகையில் உட்கார்ந்தார். ஞாயிறு காலை, டென்னிஸ் உடையிலேயே வந்து நின்று பார்த்தார் பேராசிரியர். அந்த விமானத்தை யாரும் கட்டப்போவதில்லை, இடமும் வகுப்பறைதான்; ஆனாலும் ஒருவர் கூர்ந்து பார்த்ததால் அது மெய்யான வேலையாயிற்று. இன்றைய இறுதியாண்டு புராஜெக்ட்டிலோ நிறுவனக் கடிதம், பவர்பாயிண்ட், வைவா என்று தொழிற்களச் சாயலுக்குக் குறைவில்லை. ஆனாலும் சென்னையில் புராஜெக்ட் செய்து விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. அங்கே வாங்குவதை மாணவரின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. யாரும் படிக்கப்போவதில்லை என்ற அவர்களது மதிப்பீடு அதில் இருக்கிறது; அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

வென்றவரின் நினைவு எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, உதவித்தொகை மிரட்டலும் போற்றத்தக்கதல்ல, அதே மிரட்டலில் நொறுங்கியவர்கள் நூல் எழுதுவதில்லை. இதைவிட வலுவான மறுப்பு வேறு. சாதியும் செல்வாக்கும் ஊடுருவும் சமூகத்தில், விடைத்தாளில் பெயரை மறைக்கும் டம்மி நம்பர்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பாதுகாப்பு. ஆசிரியரின் நேரடித் தீர்ப்பைக் கூட்டினால் இன்டர்னல் மதிப்பெண் ஆயுதமாகும். இதை மறுக்க இயலாது. அதனால்தான் அண்ணா பல்கலைக்கழகம் எழுத்துத் தாள்களின் இன்டர்னல் பங்கை 2017 ஒழுங்குமுறையின் 20இலிருந்து 2021இல் 40ஆக உயர்த்தியது மட்டும் போதாது. எண் இடம் மாறியதாலேயே வாசிப்பு கூடிவிடாது. முதல் வரைவைப் பார்த்து, குறையைக் காரணத்தோடு எழுதித் திருப்பித் தரும் ஓர் இடைநிலை ஆய்வு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தாளுக்காவது வேண்டும். அதற்கு மதிப்பெண் கூடாது; மதிப்பெண் இல்லாவிட்டால் அது ஆயுதமாகாது. அந்த வாசிப்புக்கான மணிநேரம் ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.