நஞ்சு விழுந்துடுச்சா?

பசு கன்று போட்ட வீட்டில் எட்டிப்பார்ப்பவர் முதலில் கேட்பது, காளையா கிடாரியா என்று. அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துடுச்சா?" விழுந்திருந்தால் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பாலுள்ள மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறுமாம். விழாவிட்டால் வீடே கலங்கும். ஒன்பது மாதம் கன்றுக்கு ஊட்டிய உறுப்புக்கு விஷத்தின் பெயரை ஏன் வைத்தோம்?

விஷத்தை நஞ்சு என்பது மலையாளத்திலும் கன்னடத்திலும் உண்டு. ஆனால் பிள்ளைக்குப் பின்னால் விழுவதற்கு அங்கே வேறு பெயர். கன்னடத்தில் மாசு. மலையாளத்தில் மறுபிள்ளை, எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

நம் பெயருக்கு இரண்டு வழி சொல்லத் தோன்றுகிறது. உள்ளேயே தங்கினால் அழுகித் தாயைக் கொல்லும், அதனால் நஞ்சு. மற்றது 'நை' என்னும் வினை. நைந்துபோன வேட்டியைப் பேச்சில் 'நஞ்சுபோச்சு' என்கிறோமே, அந்த நஞ்சு. இரண்டாவதுதான் இலக்கணத்துக்கு அழகு. ஆனாலும் பிள்ளை பிறந்த பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மருத்துவச்சிகளை நினைத்தால், முதலாவதைத் தள்ளிவிட மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் ரியல்டோ கொலம்போ என்ற இத்தாலிய உடற்கூற்றாளர், 1559-இல் வெளியான தம் நூலில் இதை 'பிளாசென்டா' என்றார். லத்தீனில் அது ஒரு தட்டைப் பணியாரம். மனித நஞ்சுக்குப் பொருத்தம்தான்; அடை மாதிரி வட்டமாகத்தான் இருக்கும். பசுவுக்குப் பொருந்தாது. அங்கே 70 முதல் 120 இடங்களில் பொத்தான் போட்டதுபோல் கருப்பையோடு பிணைந்திருக்கும்.

மாசு என்றவரும் பணியாரம் என்றவரும் கண்டது வெளியே விழுந்ததைத்தான். அது உள்ளே ஒட்டத் தொடங்கும் கட்டத்தைப் பார்த்துப் பெயரிட்டவர், நெதர்லாந்து விலங்கியலாளர் ஹூப்ரெக்ட். 1889-இல் முள்ளெலியின் கருவைப் பற்றி எழுதிய ஆய்வில், கருவின் வெளிச்சுவருக்கு அவர் தந்த பெயர் 'ட்ரோஃபோபிளாஸ்ட்'. கிரேக்கத்தில் ட்ரோஃபே ஊட்டம், பிளாஸ்டோஸ் முளை.

ஊட்டும் அந்த முளை எல்லா வயிற்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பசுவின் கருவுக்கு அவசரமில்லை. நூலாக நீண்டு, மூன்றாவது வாரத்தில் 'இன்டர்ஃபெரான் டௌ' என்ற புரதத்தைச் சுரந்து, தான் இருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்கும். பிறகே மெல்ல ஒட்டும். அந்தச் சேதி போகாவிட்டால் பசு மறுபடி சினைக்குக் கத்தும். மனிதக் கரு அப்படியல்ல. ஆறேழு நாளில் மேலுறையைக் கழற்றிவிட்டு, கருப்பைச் சுவரை அரித்து உள்ளே புதைந்துகொள்ளும். முளையின் செல்கள் இடைச்சுவர் கலைந்து ஒரே படலமாகும். தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுக்கல் வாங்கல் பின்னர் இந்தப் படலத்தின் வழியேதான்.

செல்களை இப்படிக் கலக்கவைப்பதில் 'சின்சிட்டின்' என்ற புரதத்துக்குப் பங்குண்டு என்பது 2000-இல் தெரியவந்தது. அதற்கான மரபணு நம்முடையதே அல்ல; நம் குரங்கு முன்னோரைத் தொற்றிய ஒரு வைரஸ் விட்டுச்சென்றது. சுண்டெலிக்கும் வேறொரு வைரஸிடமிருந்து இதேபோல ஒன்று வாய்த்திருக்கிறது. அதை நீக்கிப் பார்த்தார்கள்; குட்டிகள் வயிற்றிலேயே இறந்தன.

வைரஸ் என்பதும் லத்தீன்தான். பொருள், நஞ்சு.