கோழி வாரம்

பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வீட்டு முற்றத்தில் உணவுத் தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவல் இருந்த பெண் எதையோ எடுத்து வீசுகிறாள். எதை? காதில் கிடந்த பொற்குழையை! அது போய் விழுந்து, குழந்தைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறு தேருக்குத் தடையாகக் கிடக்கிறது. உருத்திரங்கண்ணனார் சோழநாட்டின் செல்வத்தைச் சொல்ல வந்தவர். ஆகவே படிக்கிறவர்கள் எல்லோரும் குழையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோழியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கென்னவோ அது யார் வீட்டுக் கோழி என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

நெல்லுக்கும் கோழிக்கும் உள்ள சம்பந்தம் பட்டினப்பாலைக்கும் வெகு முந்தியது. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளைத்தான் மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்று 2022ல் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. நெல்லும் தினையும் பயிரான இடத்தைத் தேடிக் காட்டுக்கோழி தானாகவே வந்ததாம். மனிதன் அதைப் பிடித்து வரவில்லை. சிந்திய மணி அழைத்து வந்தது.

தஞ்சைக் களத்துமேட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. கட்டு அடித்து, மாடு கட்டிப் போரடித்து, தூற்றி, அளந்து, மூட்டை வண்டியேறிப் போன பிறகும் தரையில் நெல் கிடக்கும். பதரோடு கலந்தது, வைக்கோலில் ஒட்டியது, வெடிப்பில் விழுந்தது. மரக்காலில் அகப்படாத அந்த நெல்லுக்கு மிராசுதாரும் கணக்கு வைப்பதில்லை. குடியானத் தெருக் கோழியும் சேரிக் கோழியும் அதைப் பொறுக்கும். புழு, கறையான், வெட்டுக்கிளி எல்லாம் மேலுக்கு. விதைக்கும் காலத்தில்தான் தொல்லை. நாற்றங்காலில் ஒரு கோழி இறங்கிவிட்டால் பெரிய சண்டை. அதற்குப் பயந்து பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. பண்ணையாளுக்கு நிலம் கிடையாது. குடியிருந்த மனையே அவனுடையதல்ல; அதற்குச் சட்டப்படி உரிமை வந்தது 1971ல்தான். ஆனால் கோழி அவன் மனைவியுடையது. விருந்தாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் குழம்பு, அவசரச் செலவுக்குச் சந்தையில் காசு.

அந்தக் கோழியும் இல்லாதவளுக்கு ஒரு வழி இருந்தது: வாரம். கோழி வைத்திருப்பவள் ஒரு பெட்டையை அடுத்த வீட்டுக்காரியிடம் வளர்க்க விடுவாள். அது முட்டையிட்டு, 21 நாள் அடைகாத்து, குஞ்சு பொரித்து வளர்ந்ததும் பாதிக்குப் பாதி. பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. நிலத்திலும் வாரம் என்ற அதே சொல்தான். ஆனால் தஞ்சை ஜில்லாவில் வாரதாரருக்கு விளைச்சலில் 40 சதவிகிதமாவது கொடுக்கவேண்டும் என்று சொல்ல 1952ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அது 60 ஆக இன்னொரு சட்டம், 1956ல். கோழியில் பாதியை இரண்டு ஏழைப் பெண்கள் சட்டசபை கூடாமலே முடிவு செய்துகொண்டார்கள்!

அந்தச் சொத்துக்கு யமன் வெள்ளைக்கழிச்சல். வந்தால் தெருவே காலி. ஹிமாலயத்து ராணிகேத்தில் 1920களின் கடைசியில் கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. தடுப்பு மருந்து 1940களில் தயாரானது. சேரிக்கு வந்து சேர அது எடுத்துக்கொண்ட காலம் அதிகம்.

பிறகு வெள்ளைக்கோழி வந்தது. அமெரிக்காவில் 1948ல் 'நாளைய கோழி' என்றே ஒரு போட்டி வைத்து, நெஞ்சு பெருத்த ஜாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்த பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ நிற்கிறது. நம் நாட்டுக்கோழிக்கு ஒரு கிலோ பிடிக்கவே நாலைந்து மாதம் ஆகும். மேய்ந்து திரிய அதற்கு நேரமும் இல்லை, காலில் பலமும் இல்லை. விலை மலிந்தது, ஏழையும் வாங்கித் தின்றான். அதைக் குறை சொல்ல நான் யார்? களத்துமேடும் மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறது. உதிர்ந்த நெல்லுக்கு எங்கிருந்தோ வாத்துக்காரர்கள் மந்தையோடு வந்து பட்டி போடுகிறார்கள்.

பல்லடம், உடுமலைப் பக்கம் 1990களில் ஒப்பந்தக் கோழி வளர்ப்பு வேரூன்றியது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையவை. எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. இதற்குப் பத்திரம் உண்டு, கையெழுத்து உண்டு. அந்தக் கோழி அங்கே முட்டையிடுவதுமில்லை, அடைகாப்பதுமில்லை. ஆகவே குஞ்சில் பாதி என்ற பேச்சுக்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.