தட்டிப் பார்த்து வாங்குவது

தேங்காய் வாங்குகிறவர் சுண்டிப் பார்த்து வாங்குகிறார். மண்பானை வாங்குகிற அக்கா விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார். ‘ணங்’கென்று கேட்டால்தான் காசை அவிழ்க்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். இதெல்லாம் சாதாரண விஷயம், இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வருகிற உரிமை நாஞ்சில் நாட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் வந்ததில்லை.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி சொல்லுவாள். “உப்பு வாங்கப் போனா கடைக்குப் பக்கத்துல போகப்பிடாது மக்கா. காசைத் தரையில வச்சிட்டு அந்தால வெலகி நிக்கணும். அவன் வந்து காசை எடுத்துக்கிட்டு சாமானைப் போட்டுட்டுப் போவான். உப்புல பாதி மண்ணு கெடக்கும். கேக்க முடியுமா?” பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. பிறகு திருவிதாங்கூர் பற்றி மிஷனரிகள் எழுதிவைத்த புத்தகங்களைப் படிக்கும்போது இதே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. பாட்டி சொன்னது கதையில்லை, ராஜாங்கம் நடந்த விதம்.

அதற்கும் முந்தி இன்னொன்று உண்டு. மலையாளக் கரையில் நிலத்தை ஜன்மம், காணம், பாட்டம் என்று மூன்று விதமாகக் கைமாற்றுவார்கள். விற்பது, ஒற்றி வைப்பது, வாடகைக்கு விடுவது. ஆளையும் அதே மூன்று விதமாகத்தான் கைமாற்றினார்கள். லண்டன் மிஷன் பாதிரிமார்கள் 1847ல் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1855ல்தான் அடிமைமுறை ஒழிந்ததாக அரச விளம்பரம் வந்தது. அதாவது நாங்கள் சந்தையில் வாங்குகிறவர்களாக ஆவதற்கு முன்னால் சந்தையில் சரக்காக நின்றிருக்கிறோம். சரக்கு எப்படி இன்னொரு சரக்கைத் தட்டிப் பார்க்கும்?

இப்போது கிட்டார் கதைக்கு வருகிறேன்.

1994ல் என் தம்பிக்கு எலக்ட்ரிக் கிட்டார் ஆசை பிடித்தது. சபையில் வாலிபர் பாட்டுக்குழு இருந்தது. ஆர்மோனியம், டிரம்செட் எல்லாம் வந்துவிட்டது. அவன் ஒரு ஓட்டைக் கட்டைக் கிட்டாரை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் பழகியிருந்தான். இதற்காகவே கொத்தனார் வேலைக்குப் போய் மூவாயிரத்துச் சொச்சம் சேர்த்திருந்தான். அப்பாவும் நானும் அவனுமாக வடசேரியில் பஸ் இறங்கி மணிமேடைப் பக்கம் நடந்தோம். கடைப் பேரு வேண்டாம்.

கண்ணாடிக்குப் பின்னால் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. செக்கச் சிவந்த ஒன்று, கறுப்பில் இரண்டு. தம்பி சிவப்பைக் காட்டி, “அண்ணாச்சி, அதை ஒண்ணு எடுத்துத் தாருங்க, வாசிச்சுப் பாக்கேன்” என்றான்.

“வாங்குவியளா?”

“நல்லா இருந்தா வாங்கலாம்.”

“எந்த ஊரு?”

சொன்னோம்.

“ஊருல எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வி இருக்கிறதே, நம் நாட்டில் இதைவிட நாசூக்கான கேள்வி கிடையாது. பேரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. திசையைத்தான் கேட்டார். அப்பா வாயைத் திறந்து, “கீழப்பக்கம்” என்றார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது கரண்டுச் சாமான். சும்மா தொட்டுப் பாக்கப்பிடாது. காசைக் கெட்டுங்க, எடுத்துத் தாரேன்” என்றார்.

அவர் சாதியைப் பார்த்துத்தான் மறுத்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் சட்டையைப் பார்த்திருக்கலாம். தம்பியின் சிமெண்டு தின்ற விரலைப் பார்த்திருக்கலாம். ஆனால் நாங்கள் நிற்கும்போதே ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அண்ணாச்சி அதே சிவப்புக் கிட்டாரை இறக்கி, ஆம்ப்ளிபயரில் சொருகிக் கொடுத்தார். அவன் பத்து நிமிஷம் உருட்டினான். ‘அடுத்த மாசம் பாக்கலாம்’ என்று வைத்துவிட்டுப் போனான். அவனிடம் ஊர் கேட்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

வெளியே வந்து தம்பி அழுதுவிட்டான். இருபது வயசுப் பையன். அப்பா ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த 1936ல் பிறந்தவர். எங்கள் வட்டாரத்தில் பறை அடிப்பதில் பேர் வாங்கியவர். அப்போதெல்லாம் பறையைக் கடையில் வாங்குவதில்லை, நாமேதான் கட்டவேண்டும். மரவட்டத்தின்மேல் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயப்போடுவார்கள். வைக்கோல் தீயில் காய்ச்சினால் தோல் முறுகும், சத்தம் எழும்பும். அப்பா தீயில் காட்டின உடனே அடித்துப் பார்த்து மயங்குகிற ஆளில்லை. “தீயில காட்டுனா எந்தத் தோலும் பேசும்லே. ஆறுன பெறவும் பேசுதாண்ணு பாக்கணும்” என்பார். காதைத் தோலுக்கு மேல் வைத்து, ஒரு விரலால் சுண்டி, ஓரத்திலும் நடுவிலும் மாறி மாறிக் கேட்பார்.

அந்தப் பறையை அவர் 1972ல் பரணில் ஏற்றினார். ஊரில் சாவு விழுந்தால் அடிக்கக் கூப்பிடுவார்கள், போகாவிட்டால் தகராறு. போனால் சபையில் திருவிருந்து கிடையாது, ‘பிசாசு மேளம்’ என்றார்கள். ஊர் அடி என்றது, சபை அடிக்காதே என்றது. இரண்டு பேருக்கும் அவர் காதைப் பற்றி அக்கறை இல்லை. பறையைப் பெருச்சாளி தின்றது.

வேதம் எங்களுக்கு நேற்று வந்ததில்லை. மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகராசன் என்ற வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் வேதத்தைக் கண்டுகொண்டு வந்தார். அவர் தேடி அழைத்துத்தான் 1806ல் ரிங்கல்தௌபே பாதிரியார் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 1809ல் மயிலாடியில் கோயில் கட்டினார்கள். இந்தச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் கதவைத் திறந்தது எங்கள் கைதான். அப்புறம் அந்தக் கதவுக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். சர்டிபிகேட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர், ஊரில் பழைய பேர்தான்.

அந்த வழியாகத்தான் வெள்ளைக்காரன் வாத்தியங்களும் வந்தன. இரட்சணிய சேனையார் 1882 செப்டம்பரில் நாலு பேராகப் பம்பாயில் வந்து இறங்கினார்கள். வாத்தியம் வாசித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனதற்கே போலீஸ் பிடித்தது. பிறகு அவர்கள் நாகர்கோவிலுக்கும் வந்தார்கள், பித்தளை பேண்டும் வந்தது. அந்த வாத்தியங்களுக்கு நம்மூரில் சாதி கிடையாது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஒரு சாதி, பறைக்கு ஒரு சாதி என்று வைத்திருந்தவர்களுக்கு கார்னெட்டை எந்தத் தெருவில் வைப்பதென்று தெரியவில்லை. கிட்டாரும் அப்படி வந்ததுதான். அதனால்தான் பறையை விரட்டின அதே சபை, கிட்டாரை ஆல்டர் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது. இதைத் தம்பி விடுதலை என்று நினைத்தான். எனக்கு அப்போதும் பாதிச் சந்தேகம், இப்போதும் பாதிச் சந்தேகம்.

ஆனால் கிட்டாருக்கும் ஒரு சேரி உண்டு. எலக்ட்ரிக் கிட்டார் அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. அதைப் பேசவைத்தவர்களில் முன்வரிசையில் நிற்பது கறுப்பின மக்கள். ஆர்கன்சாவில் பிறந்து தேவாலயத்தில் பாடி வளர்ந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1938ல் இசைத்தட்டில் பாடினார். சாமிப் பாட்டை கேளிக்கை விடுதியில் பாடியதற்காக அவருடைய சொந்தச் சபைக்காரர்களே முகம் சுளித்தார்கள். மிசிசிப்பியின் பருத்திக்காட்டில் வேலை செய்த மட்டி வாட்டர்ஸ் 1943ல் சிகாகோவுக்குப் போனார். அந்த நகரத்தின் கூச்சலில் வெறும் கட்டைக் கிட்டார் கேட்காது என்பதால் மின்சாரத்துக்கு மாறினார். காசில்லாத பிள்ளைகள் வீட்டுச் சுவரில் ஒற்றைக் கம்பியை அறைந்து அதையே மீட்டிப் பழகினார்கள்.

அந்த மக்கள் கடைக்குப் போனபோது என்ன நடந்தது? தெற்கு மாநிலங்களில் பல துணிக்கடைகளில் கறுப்பர் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக்கூடாது, செருப்பைக் காலில் போட்டுப் பார்க்கக்கூடாது. போட்டால் வெள்ளைக்காரன் அப்புறம் வாங்கமாட்டானாம். பிள்ளையின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு போய் அளவு சொல்லி வாங்கியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பாட்டியின் உப்பு ஞாபகம் வந்தது. 1972ல் பம்பாயில் நம் இளைஞர்கள் தலித் பேந்தர் என்று பேர் வைத்தபோது கறுப்புச் சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

சரி, 1994க்கே வருகிறேன். அடுத்த சனிக்கிழமை திருவனந்தபுரம் போனோம். அங்கே ஊர் கேட்கிறவன் கிடையாது என்றில்லை, எங்கள் ஊரின் திசை அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சின்னக் கடை. மலையாளத்துக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு மூன்று கிட்டாரை இறக்கி வைத்தார். தம்பி ஆவலாக ஒயரை எடுத்துச் சொருகப் போனான். அப்பா தடுத்தார்.

“கரண்டு இல்லாம பேசட்டும் மொதல்ல.”

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா வாழ்நாளில் கிட்டாரைக் கையில் பிடித்ததில்லை. மரத்தின்மேல் காதை வைத்துத் தம்பியை ஒவ்வொரு கம்பியாக மீட்டச் சொன்னார். முதல் கிட்டாரைக் கேட்டு, “இது செத்த மரம்” என்றார். இரண்டாவதை வாங்கிக் கழுத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தார், மண்வெட்டிக் கணையைப் பார்க்கிற மாதிரி. “வளைஞ்சிருக்கு.” தம்பி ஒவ்வொரு கட்டையாக அழுத்தி வாசித்தபோது ஏழாவதில் கம்பி ‘ஜிர்’ரென்று உரசியது. மூன்றாவதுதான் விலை குறைச்சல். மங்கின கறுப்பு, அழகு ஒன்றுமில்லை. கல்கத்தாவில் செய்தது என்றார்கள். மீட்டினால் சத்தம் மரத்துக்குள் ரொம்ப நேரம் நின்றது. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தினாலும், அழுத்தாமல் சும்மா தொட்டு மீட்டினாலும் ஒரே சுருதி. அப்புறம்தான் ஒயரைச் சொருகினான். குமிழைத் திருகினபோது கரகரப்பில்லை, சொருகின இடத்தை ஆட்டினபோது சத்தம் விட்டுப்போகவில்லை.

“அப்பன் வித்வானாணோ?” என்று கேட்டார் கடைக்காரர்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, “பறை அடிப்பேன்” என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டேன். அடித்தேன் என்று சொல்லவில்லை, அடிப்பேன் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது சுசீந்திரம் கல்தூணைப் பற்றிப் பேசினார். தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் இருக்கின்றன, தட்டினால் சுரம் பேசும். அந்தக் கோயிலைச் சுற்றின தெருவில் நடக்கிறதுக்கே 1926ல் சத்தியாகிரகம் நடத்தவேண்டியிருந்தது. பிரகடனத்துக்கப்புறம் தாத்தா ஒருநாள் போய்த் தட்டிவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து பாட்டியிடம், “நல்ல கல்லுதான், ஆனா நம்ம தோலு மாதிரி வராது” என்றாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

1990களில் பறையை என்ன செய்வது என்று நமக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இழிவின் அடையாளம், உடைத்துப் போடு என்றார்கள் ஒரு பக்கம். எதிர்ப்பின் கருவி, எடுத்து அடி என்றார்கள் இன்னொரு பக்கம். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை அண்ணன் என்று பேர், கிராமத்து மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். 2005ல் காலமானார். என் அப்பாவுக்கு இந்த வாதம் எதுவும் தெரியாது. ஆனால் 1996 கிறிஸ்துமஸுக்கு ஒரு வட்டம் செய்து தோல் ஒட்டினார். வீடுவீடாகப் பாட்டுப் பாடிப் போனபோது தம்பி கிட்டாரும் அப்பா பறையுமாகப் போனார்கள். போதகர் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார். எங்கள் பக்கத்து ஜனம் மட்டும் ஒரு பாட்டையே நாலு தரம் பாடவைத்தது.

2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறி, பறையையும் எலக்ட்ரிக் கிட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லில் இருந்து எடுத்த பேர். தம்பி வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, “அண்ணே, இதை நாம ரோட்டுல செஞ்சோம்லா” என்றான். அப்பா அப்போது இல்லை.

போன வருஷம் தம்பி மகன் கிட்டார் பார்க்கப் போனான், நாகர்கோவிலில்தான். நானும் கூடப் போனேன். வேறு கடை, வேறு ஆள். ஸ்டூல் போட்டார்கள், பையன் அரை மணி நேரம் வாசித்தான். கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “எந்த ஊரு தம்பி?” என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பையன் ஊர்ப்பேரைச் சொன்னான். அடுத்த கேள்வி வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து எழுதப் போனார்.

பையன், “இருங்க அண்ணே, எழுதாதீங்க” என்றான். பன்னிரண்டாவது கட்டையில் சுருதி சேரவில்லையாம். கிட்டாரைத் துடைத்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான்.