கோவிற்பற்றும் கோவிற் கட்டிடமும்

சண்டிலிப்பாயிலே தலைமுறை தலைமுறையாகச் சைவநெறி வழுவாது வாழ்ந்த குடும்பத்தார் வீட்டுப் பெட்டகத்திலுள்ள பழைய காணி உறுதியை எடுத்து நோக்குவார், அதில் ‘கோவிற்பற்று’ என்னுஞ் சொல்லைக் காண்பர். ஈண்டுக் கோவில் என்றது கல்வளைப் பிள்ளையார் கோவிலையன்று; சீரணி நாகபூஷணி அம்மன் கோவிலையுமன்று. போர்த்துக்கேயர் அமைத்த கிறித்தவ தேவாலயத்தையே அது குறிக்கும். தேவாலயம் ஒன்றன் ஆட்சிக்குட்பட்ட ஊர்த்தொகுதி கோவிற்பற்று எனப்பட்டது. கட்டியவர் போய், கட்டிடமும் பாழ்பட்ட பின்னரும் சொல் மாத்திரம் நம் உறுதிகளில் நிலைத்துவிட்டது.

ஒரு சபையார் தமக்குப் புதிய ஆலயம் வேண்டுமா, பழையதைச் செப்பனிட்டாற் போதுமா, கட்டிடமின்றியே அமையலாமா எனக் கூடி ஆராய்தல் இக்காலத்தில் இயல்பான செயல். வலிகாமத்திலோ அவ்வினா சபையார் கைக்கு வந்து சேர இருநூறாண்டுகளுக்கு மேற் சென்றது. அதுவரை கட்டியவர் ஒருவர். உள்ளே சென்று நின்றவர் வேறொருவர்.

1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. பிரான்சிஸ்கன் சபைப் பாதிரிமார் ஊர்தோறும் ஆலயம் எடுத்தனர். முதலில் மண்ணும் ஓலையுமாக இருந்தவை, பின்னர் முருகைக்கல்லும் சுண்ணாம்புங் கொண்டு தடித்த சுவர்களோடு எழுந்தன. இடிக்கப்பட்ட சைவாலயங்களின் கற்கள் அரசினர் கட்டிடங்களுக்குப் பயன்பட்டன என்பது நம்மவரிடையே வழிவழி வருஞ் செய்தி. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் ஆலயங்களை இடித்திலர். சுரூபங்களை அகற்றிவிட்டுத் தம் புரட்டஸ்தாந்த வழிபாட்டை அச்சுவர்களுக்குள்ளேயே நடத்தினர். கட்டுச் செலவு மிச்சம்.

ஒல்லாந்தப் பாதிரியாராகிய பல்தேயஸ் இங்கு வாழ்ந்து கண்டவற்றை எழுதி 1672 இல் வெளியிட்டனர். வலிகாமத்து ஆலயங்கள் பதினான்கினை அவர் கூறுகின்றார். மானிப்பாய் அவற்றுளொன்று, சங்கானை மற்றொன்று. இரண்டிற்கும் இடையே அமைந்த சண்டிலிப்பாய்க்கு அப்பட்டியலில் இடமில்லை. எனவே நம்மூரார் ஆலயம் புகவேண்டின் அயலூருக்கே நடக்க வேண்டியவராயினர்.

நடந்தது பெரும்பாலும் பக்தியினாலன்று. ஆலயமும் பள்ளிக்கூடமும் அருகருகே இருந்தன. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் பெரியோர் திருமணமும் அங்கே தோம்பிற் பதியப்பட்டன. பதிவில்லாத திருமணத்துக்குச் சட்டத்தின் மதிப்பில்லை. அஃதில்லையேற் பிள்ளைகளின் முதுசத்துக்கும் இடர். ஆகவே பெயரளவிற் கிறித்தவராய் வெளியே நின்று, வீட்டுக்குள்ளே சைவராய் வாழ்ந்தவர் பலர். விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்ற கர்ணபரம்பரைச் செய்தியை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் சண்டிலிப்பாய்ப் பிள்ளையார் மீது கல்வளை அந்தாதி பாடினார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

மறைந்து வழிபட்டவர் சைவர் மாத்திரமல்லர். சண்டிலிப்பாய்க்கு அண்மையிலுள்ள சில்லாலையிற் கத்தோலிக்கரும் அவ்வாறே வாழ்ந்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டுக்குள் விடாது தடுத்த காலத்தில், 1687 இல், கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து, சில்லாலையிலே தங்கி, இரவிற் பூசை நடத்தினர். (கோவை என்றது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவை, கோயம்புத்தூரையன்று.) அவருக்கு ஆலயமில்லை, வீடுகளே ஆலயம். மானிப்பாயிலும் சங்கானையிலும் அரசினர் சுவர்கள் நிமிர்ந்து நின்றபோது, உண்மையான சபை சில்லாலையின் ஓலைக்குடில்களுக்குள் இருந்தது. அவ்வடிகளாரை 2015 இற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே புனிதராக உயர்த்தினர்.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். வற்புறுத்தல் நீங்கியதும் மக்களும் நீங்கினர். கூரைகள் விழுந்தன, சுவர்களில் மரஞ்செடிகள் முளைத்தன. 1806 இல் இங்கு வந்த குளோடியஸ் புக்கானன் பாதிரியார் அப்பாழ்நிலையைக் கண்டு வருந்தி எழுதிய நூல் அமெரிக்காவிலும் படிக்கப்பட்டது.

1816 இல் அமெரிக்க மிஷனார் வந்தனர். டானியல் பூவரும் எட்வேட் வாறனும் தெல்லிப்பழையிலும், ஜேம்ஸ் றிச்சாட்ஸும் பெஞ்சமின் மெய்க்ஸும் வட்டுக்கோட்டையிலும் அமர்ந்தனர். 1820 இல் உடுவிலும் பண்டத்தரிப்பும், 1821 இல் மானிப்பாயும் அவர்தம் நிலையங்களாயின. இவ்வைந்து ஊர்களும் பல்தேயஸ் பட்டியலில் உள்ளவை என்பது கருதத்தக்கது. புதிய சமயப்பணி பழைய கோவிற்பற்றின் தடத்திலேயே சென்றது.

ஏன் அவர்கள் புதிதாகக் கட்டிலர்? காரணங்களை ஊகித்தல் அரிதன்று. பாழ்பட்ட ஆலயங்களும் அவற்றின் வளவுகளும் அரசினர்க்குரியவை; அரசினர் இசைவு கிடைத்தது. புதுநிலம் வேண்டுமாயின் சைவரிடமே விலைக்குக் கேட்க வேண்டும். சுவர்கள் உறுதியாக நின்றன. கூரையும் கதவுமே தேவை. பணமோ பொஸ்தன் நகரிலுள்ள சங்கத்திலிருந்து கடல்கடந்து வரவேண்டும். கணக்கறிந்த எவரும் செப்பனிடலையே தெரிந்திருப்பர்.

ஆயினும் அச்சிக்கனத்துக்கு வேறொரு விலையுண்டு என்பது என் கருத்து. தம் பாட்டன் தோம்புக்கு அஞ்சித் தலைகுனிந்து நுழைந்த அதே வாயிலுக்குட் பேரனை அன்பினால் அழைப்பது எளிதன்று. ஊரார் கண்ணுக்கு ஒல்லாந்தர் சுவரும் அமெரிக்கர் சுவரும் ஒன்றே. மிஷனார் இதனை உணர்ந்தோ உணராமலோ, தம் வேலையின் பெரும்பகுதியைச் சுவர்களுக்கு வெளியே, ஊர்தோறும் எழுந்த ஓலைக்கொட்டிற் பள்ளிக்கூடங்களிலே செய்தனர். தொடக்கத்தில் அவற்றுட் பலவற்றிற் கற்பித்தவர் சைவ ஆசிரியர்களே. பள்ளிக்கூடமே ஞாயிற்றுக்கிழமையிற் பிரசங்க மண்டபமுமாயிற்று. ஆறுமுகநாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது எதிர்த்து நின்றது ஆலயச் சுவரோடன்று, அப்பள்ளிக்கூடத்தோடேயாம்.

1855 இல் அமெரிக்கச் சங்கத்துச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்து சென்றபின், வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. உள்ளூர்ச் சபைகள் தம் போதகரைத் தாமே தாங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. செமினறி மூடப்பட்டதை வெறுத்தவரும் அக்கொள்கையை முற்றிலும் தள்ளிவிட்டிலர். அதன் பயனாகவே எதைக் கட்டுவது, எதை விடுவது என்ற வினா முதன்முறையாக இந்நாட்டுக் கிறித்தவரைச் சார்ந்தது. அவர்கள் அளித்த விடை ஓர் ஆலயமன்று, கல்லூரி. உள்ளூர்க் கிறித்தவரே முயன்று முன்னின்றதனால் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில், மூடப்பட்ட செமினறியின் வளவிலேயே தொடங்கியது. புதுப் பெயர், பழைய கட்டிடம். 1947 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாணத்தின் முதற் பேராயராக அமர்ந்தபோதும் புதிய பேராலயம் எழவில்லை. பல்தேயஸ் பட்டியலிற் கண்ட அதே வட்டுக்கோட்டையின் பழைய ஆலயமே பேராலயமாயிற்று.

சண்டிலிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டை நோக்கிச் செல்வோர் வழியிற் சங்கானையைக் காண்பர். அங்கும் முருகைக்கற் சுவர்களோடு அதே காலத்து ஆலயம் நின்றது. ஆயின் அதற்கு எவரும் மீண்டுங் கூரை வேய்ந்திலர். அச்சுவர்கள் திறந்த வானத்தின் கீழே இன்றும் நிற்கின்றன. தொல்பொருட் சின்னமாக அவற்றை அரசு காத்துவருகின்றது.